மைதானத்துப் போர்வெல்

ஞாயிறு, இரவு.

காலையில் எங்கள் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி அக்கா கடப்பாரையோடு வந்தார். "எங்கூட்டுக் கெணறு வத்திப்போச்சுங்க, மாடு தவிக்குது. நீங்க புல்லுக்கு ஊத்தறீங்களா?" என்று கத்திக்கொண்டே போர்வெல்லிலிருந்து புல்லுக்குப் போகும் தண்ணீர்க் குழாய்களை அடித்து நொறுக்கினார். கேப்டன் மணி அவரைப் பிடித்துத் தள்ளினான். அக்காவின் நெற்றி கல்லில் மோதி ரத்தம் கொட்டியது. கிளப் செயலாளரான நான் மணியின் வாயில் குத்தினேன். அவன் பல் உடைந்தது.

போர்வெல்லை விட்டுவிட்டு, கிளப் குளியலறையின் கழிவுநீரையே புல்லுக்குத் திருப்பலாம் என்று போன வருடம் தீர்மானம் போட்டோம். அதற்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட யாரும் வரவில்லை, நானும் போகவில்லை.

மணியை அடித்த கையோடு, அக்காவின் கடப்பாரையை எடுத்துப் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரை உடைத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

மருத்துவமனையில் தையல் போட்டு முடிந்ததும் அக்கா மெதுவாகக் கேட்டார், "அந்தப் பையன ஏஞ்சாமி அடிச்சீங்க?"

பள்ளம் தோண்டப் போகாத என் மேல் இருந்த கோபத்தில்தான் அடித்தேன் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.