கரைக்குக் கீழே ஐந்து பேர்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நம் மண் அணையைச் சோதிக்க ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். மதகைத் திறந்து மூடச் சொன்னார், கரைச் சரிவில் உன் சித்தப்பா அந்தக் காலத்தில் நட்ட மரங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "வேர் கரையைப் பிடிச்சுக்கும்னு எல்லாரும் நட்டுடறாங்க சார். அது செத்து மக்கினா தண்ணிக்கு நாமளே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி" என்றார். இதை நான் அன்றைக்கே சொன்னேன், "வந்துட்டாரு மேதை" என்று கேலி செய்தார்கள். போகட்டும். மரங்களை வேரோடு எடுத்துவிடச் சொன்னார், மற்றபடி கசிவில்லை, விரிசலில்லை. ஆனாலும் 'குறைந்த ஆபத்து' என்றிருந்த அணையை 'அதிக ஆபத்து' என்று மாற்றப்போவதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எலி வளையைக்கூட விடாமல் அடைத்து வைத்திருக்கிறேன், இதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். "அணை எப்படி இருக்குன்னு பார்த்து இந்த வகை போடறதில்ல சார், உடைஞ்சா கீழே யார் மாட்டுவாங்கன்னு பார்த்துத்தான்" என்று கையை நீட்டிக் காட்டினார். அங்கே உன் சித்தப்பாவின் வீடு. பாகம் பிரித்த அன்று "அணையை நீயே வச்சுக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு, சரியாக அதன் அடிவாரத்தில் போய் வீடு கட்டியவன். அவன் அங்கே படுத்துத் தூங்குகிறான், கெட்ட பெயர் என் அணைக்கு.

நான் நிரப்ப அவர் கொடுத்துவிட்டுப் போன படிவத்தில், கீழே குடியிருப்போர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம், அதை வைத்துத்தான் வகை முடிவாகும். அவன் வேலியோரம் நின்றுகொண்டு அம்மாவிடம், "அண்ணி, அது வீடில்ல, சாமான் போடற கொட்டகைன்னு எழுதச் சொல்லுங்க" என்றானாம். ஆபத்துப் பகுதி என்று பதிவாகிவிட்டால் அவனுக்கு மாடி கட்ட அனுமதி கிடைக்காது. எனக்கும் அது வசதிதான், பழைய வகையே நிற்கும், வெள்ளநீர் வழியும் வாய்க்காலை வெட்டி அகலப்படுத்த வேண்டாம். பாகம் பிரித்த இந்தப் பதினோரு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகக்கூடிய ஒரே விஷயமாக ஒரு பொய் வந்து நின்றது. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, அவன் பேத்தியையும் சேர்த்து ஐந்து பேர் என்று எழுதினேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. கொட்டகை என்று எழுதி வைத்தால், கரை போகிற அன்று கொட்டகையை எழுப்ப யாரும் ஓட மாட்டார்கள். மரங்களை எடுக்கும் வரை நீர்மட்டத்தையும் மூன்று அடி இறக்கிவிட்டேன். "தம்பி மேல அக்கறைன்னு வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்திடும்?" என்கிறாள் உன் அம்மா.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலையில் யாரையும் முழுக்க நம்பாதே. எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இரு.

ஒன்று மறக்காதே. கரையில் ஏதாவது தெரிந்தால் கீழே இருப்பவர்களில் முதலில் கூப்பிட வேண்டியவரின் தொலைபேசி எண்ணையும் படிவத்தில் கேட்கிறார்கள். உன் சித்தப்பாவின் எண்ணை நான் என்றைக்கோ அழித்துவிட்டேன், அம்மாவிடம் கேட்டால் சிரிப்பாள். நீ வாராவாரம் அவனோடு பேசுவது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. நான் கேட்டேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா