ஊற்றில் சொன்ன பெயர்

அன்பு மகளுக்கு,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கழுத்து வலி தொல்லை கொடுக்காமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கையில் அடி ஒன்றும் படவில்லை. ஏன் அந்தக் கையெழுத்து என்று வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே தாவிக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போன மாதம் நீ எழுதிய கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. விடுமுறைக்கு டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும், அப்பா பேசாத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். பதினான்கு மாதமாகிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்று அவர் தடுத்தும் நீ கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் அவர், போறதுன்னா போ, அப்புறம் எங்கிட்டப் பேசாத என்று சொன்னதும், நீ சரிப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஏறியதும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நீ கெஞ்சுவாய் என்று அவர் நினைத்தார், அவர் இறங்கி வருவார் என்று நீ நினைத்தாய். இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் நான்தான் தபால் பெட்டி. வீட்டில் உன் பேச்சு வந்தால் அவ, அந்த ஊர்ல, அங்க என்பாரே தவிர உன்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. உன் கடிதத்தை அவரிடம் காட்டவும் பயம், காட்டாமல் வைத்திருக்கவும் பயம்.

அந்தச் சமயத்தில்தான் உன் அத்தை ஆறு பிறக்கும் இடத்துக் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும், தம்பி துணைக்கு வந்தால்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். உன் அப்பாவுக்குக் கோயிலில் பெரிய நாட்டமில்லை, ஆனால் இருபத்தைந்து வருடமாகப் பூகோள வகுப்பில் நீலச் சாக்பீஸால் அந்த ஆற்றை வரைந்து வருகிறவர், கரும்பலகையின் மேல் மூலையில் ஒரு புள்ளி வைத்துத்தான் ஆரம்பிப்பார், அந்தப் புள்ளியை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். எனக்கும் ஆசைதான். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் வாரியத்தின் ஆய்வகத்தில் அதே ஆற்றை நான் பாட்டில் பாட்டிலாகப் பார்க்கிறேன், கலங்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று. எத்தனையோ ஊர்களைக் கடந்து, எல்லோருடைய அழுக்கையும் சுமந்து, களைத்துப்போய்த்தான் அது என்னிடம் வந்து சேரும். அதன் குழந்தைப் பருவம் எனக்குத் தெரியாது.

பேருந்து நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். அத்தை மட்டக்குதிரையில் ஏறிக்கொண்டார், ஏறிய நிமிடத்திலிருந்து குதிரைக்காரரோடு வம்பு. ஏம்ப்பா, இது பாட்டுக்கு ஓரமா ஓரமாப் போகுதே, இதுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா என்றார். அவர் கொஞ்சமும் சிரிக்காமல், அதுக்கு நல்லாத் தெரியும்மா, நீங்கதான் கண்ணை மூடிக்கிட்டு வர்றீங்க என்றார். பாதி வழிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர்கள் முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தலை என்று அழிந்துகொண்டே போனார்கள், குதிரையின் மணிச்சத்தம் மட்டும் எங்கோ தனியாக ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உன் அப்பா வருகிறார் என்பதை மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் நடக்கிறேனா, இல்லை மலைதான் என் காலடியில் மெல்ல நகர்கிறதா என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்ச் சத்தம், கண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டும் இல்லை. நீ வயிற்றில் இருந்த மாதங்கள் இப்படித்தான் இருந்தன, இருக்கிறாய் என்று தெரியும், பார்க்கத்தான் முடியாது.

கோயில் பெரிதாக ஒன்றுமில்லை. நம் வீட்டுக் கூடத்தைவிடச் சின்னதாக ஒரு கல்மண்டபம், உள்ளே ஆற்று அம்மன், அவள் காலடியில் ஒரு பாறை இடுக்கு, அதிலிருந்து என் சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் வருகிறது. உன் அப்பா, இவ்வளவுதானா என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னை முதன்முதலாகத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தபோதும் இதே குரலில் இதையேதான் சொன்னார். எனக்கு ஒருவிதமான கூச்சம் வந்தது, தினமும் அலுவலகத்தில் பார்க்கும் பெரிய மனிதர் ஒருவரின் தொட்டில் படத்தை அவருக்குத் தெரியாமல் பார்த்துவிட்டது போல.

அங்கே ஒரு வழக்கம். யாரும் தனக்கென்று தண்ணீர் பிடிக்கக் கூடாது. வர முடியாத ஒருவருக்காகத்தான் பிடிக்க வேண்டும், பிடிக்கும்போது அவர் பெயரை ஊற்றுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். அத்தை மாமாவின் பெயரைச் சொல்லிப் பிடித்துக்கொண்டார். வெளியே விற்ற செம்புகளின் மூடி சரியில்லை என்று உன் அப்பா வாங்காமல் வந்திருந்தார், என் பையில் எப்போதும் கிடக்கும் ஆய்வகத்துப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி, யார் பேருக்கு என்று கேட்டார். உன் அப்பா பாட்டிலை நீட்டியபடி நிற்கிறார், வாய் திறக்கவில்லை. பூசாரி மறுபடியும் கேட்டார். பின்னால் நீளமான வரிசை, அதில் ஒருவர், சார், பேர் மறந்து போச்சுன்னா வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அத்தை, டேய் தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா, சொல்லித் தொலையேன் என்றார். அப்போதுதான் சொன்னார். வாலு என்றார். பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை, அது பேராங்க, முழுப் பேரைச் சொல்லுங்க என்றார். உன் அப்பா, அதான் பேரு, ஆத்துக்குத் தெரியும் என்றார். பத்தாவது படிக்கும்போது இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்கப்பா என்று நீ தடை போட்ட பெயர், அதற்கப்புறம் அன்றைக்குத்தான் கேட்கிறேன். பாட்டில் நிறைந்து வழிந்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பனி கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்.

வெளியே வந்ததும் பாட்டிலை என்னிடம் கொடுத்து, உன் ஆபீஸ் பக்கத்துலதானே தபால் ஆபீஸ், அனுப்பிடு என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கேதான் தவறு செய்தேன். பாட்டில் கைக்கு வந்ததும் பையிலிருந்து லேபிளை எடுத்து ஒட்டி, தேதி, நேரம், எடுத்த இடம் ஊற்று என்று எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடக் கை, என்னைக் கேட்காமலே எழுதும். உன் பெயரை எழுதத் தோன்றவில்லை பார். திங்கட்கிழமை, மூடிக்கு மேல் மெழுகு வைத்துப் பார்சல் கட்டலாம் என்று ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் மேஜையில் வைத்துவிட்டு மாடிக்கு ஒரு கூட்டத்துக்குப் போனேன். எங்கள் உதவியாளரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், வேலையை நாம் சொல்வதற்குள் முடித்துவிடுவதால் புயல் என்று எல்லோரும் கூப்பிடும் அம்மாள். நான் இறங்கி வரும்போது பாட்டில் கழுவித் துடைத்துத் தாங்கியில் தலைகீழாக நிற்கிறது. புயல் ஒரு தாளை நீட்டி, மேடம், இன்னைக்கு ஒண்ணு எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாருங்க, எந்தப் பம்புங்க இது என்றாள். மீதித் தண்ணீர் எங்கே என்றேன். எப்பவும் போல ஊத்திட்டேனே என்று தொட்டியைக் காட்டினாள்.

அவளைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது, அவள் லேபிளைத்தான் படித்தாள். ஆனால் இத்தனை வருடம் வெளியே வராத ஒரு பெயர், கடைசியில் அந்தத் தொட்டியின் ஓட்டை வழியாகப் போய்விட்டதே என்று உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அவள் சாப்பிடப் போன நேரத்தில் அதே பாட்டிலைக் குழாயில் பிடித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, இதுவும் அந்த ஆறுதானே, கொஞ்சம் வயதானது, அவ்வளவுதான். நிரம்பியும் விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கொட்டிவிட்டேன்.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, புதன்கிழமை அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதத்தையும் எடுத்து மேஜையில் வைத்தேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார். கோபிப்பார் என்று நான் நிற்கிறேன், அவர் என்னவோ, ரிசல்ட் என்ன வந்துச்சு என்று கேட்டார். தாளைக் கொடுத்தேன், விடைத்தாளைப் படிப்பது போலவே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். உப்பு ஏன் இவ்வளவு கம்மி என்றார். அது இன்னும் யாரையும் சந்திக்கவில்லை, எந்த மண்ணையும் பெரிதாகத் தொடவில்லை, போகப் போகத்தான் சேரும் என்றேன். விரலை அந்த வரியிலேயே வைத்தபடி, போனாத்தானே சேரும் என்றார். அப்புறம் திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார், எந்தப் பம்புன்னா கேட்டா, எந்தப் பம்புன்னா கேட்டா என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. மறுபடி ஒரு பாட்டிலுக்காக மலை ஏற என்னால முடியாது, வர்றப்ப அவளே வந்து பாத்துக்கட்டும், கூட்டிட்டுப் போறேன் என்றார். நான் சரியென்று மட்டும் சொன்னேன், அதற்குமேல் பேசினால் எதையாவது கெடுத்துவிடுவேன்.

அந்தத் தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் உன் அப்பா ஏதோ எழுதியிருக்கிறார், அவரே நான்காக மடித்துக் கொடுத்தார், நான் பிரிக்கவில்லை. உன் முகவரி கேட்டார். எனக்கு அது தூக்கத்திலும் வரும், இருந்தாலும் கதவு எண் நினைவில்லை என்று சொல்லிவிட்டேன், அவரே நோட்டைத் தேடி எடுத்து உறையில் எழுதட்டும் என்று.

டிக்கெட்டை எடுத்துவிட்டு ஒரு வரி எழுது. வரும்போது வழுக்காத ஷூ ஒன்று கொண்டுவா, மேலே பாறையெல்லாம் ஈரம். தலையணையை இரண்டாக மடித்துப் படுக்காதே, கழுத்து வலியே அதனால்தான். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே சேரட்டும், எதைச் சேர்த்துக்கொண்டாலும் நீ தெளிவாகவே இருக்க வேண்டும் என்று அந்தச் சுண்டுவிரல் ஊற்றிடம் உனக்காக நானும் கேட்டிருக்கிறேன். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதே. உன் முழுப் பெயருக்கு மேலே ஒரு சொல்லை எழுதி அடித்திருக்கிறார், தபால்காரர் சிரிப்பார் என்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார், கோட்டுக்கு அடியில் இரண்டே எழுத்து, நன்றாகத் தெரியும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா