கறுப்புக்குள்ள இருந்து வந்த முகம்

2006 கார்த்திகை 9, வியாழன் இரவு

இண்டைக்கும் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டிட்டன். நான் கூட்டித் துடைக்கிற டவுன்டவுன் மியூசியத்தில இந்தக் கிழமைதான் கொழுவினவை. அந்தக் காலத்து அயர்லாந்து ஓவியர் ஒருத்தர் செப்புத் தகட்டில வெட்டி அச்சடிச்சது. முழுக்க இருட்டு. அதுக்குள்ள ஒரு ஆம்பிளை நாடியைக் கையில தாங்கிக்கொண்டு மேல பாக்கிறார். என்ரை மனுசனும் யோசிக்கேக்க அப்பிடித்தான் இருப்பார். கண்ணாடியை ரெண்டாந்தரமும் துடைச்சன்.

அங்க வேலை செய்யிற சென்னைப் பிள்ளை வித்யா சொன்னாள்: "முதல்ல செப்புத் தகட்டை முழுக்கக் கறுப்பா அச்சாகிற மாதிரி கீறிடுவாங்கக்கா. அப்புறம் சுரண்டிச் சுரண்டித்தான் முகத்தை வெளிய எடுப்பாங்க. பின்னாடி வந்த சில பேர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தை வரையக் கத்துக்கிட்டதே இந்த ஓவியரைப் பாத்துத்தான்."

வேலை முடிய ஸ்டூடியோவுக்குப் போனன். என்ரை மனுசன்ரை முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக் கார்டுக்குப் படம் குடுத்திருந்தன். போன ஸ்நோ காலத்தில கரண்ட் போன அண்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில நான் எடுத்த படம். ஸ்டூடியோக்கார அண்ணை அதை வெளிச்சமாக்கி, கோட்டும் டையும் போட்டு வைச்சிருந்தார்.

"பார் தங்கச்சி, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்."

அது ஆரோ.

"வேண்டாம் அண்ணை. முந்தின மாதிரியே இருட்டா விடுங்கோ."

"சனத்துக்கு முகம் தெரியாதே!"

"எனக்குத் தெரியும்."

முகத்தைச் சுழிச்சுக்கொண்டு பழையபடி அடிச்சுத் தந்தார்.

இப்ப படம் மேசையில இருக்கு. லைட்டை நிப்பாட்டிப் பாத்தன். முதல் ஒண்டும் தெரியேல்லை. பேந்து இருட்டுப் பழகி நெத்தி வந்தது. மூக்கு வந்தது. கண் வரமுதல் லைட்டைப் போட்டிட்டன்.