குறுக்குப்பாதை முனி

ஆடி 12, வியாழன்.

எனக்கு மிளகு விற்கும் மலைக்காரன் சடையனின் மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். நேற்று மாலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் குறுக்குப்பாதையில் இறங்கியவன், பாதியில் திரும்பிச் சுற்றுவழியில் போயிருக்கிறான். போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

"ஓடைகிட்ட முனி நின்னுச்சுங்க மொதலாளி. தலையில வெள்ளத்துணி," என்றான்.

அந்த முனிக் கதையைக் கட்டிவிட்டவன் நான். வேறு வியாபாரிகள் அவ்வழியே மிளகு வாங்க வரக் கூடாதென்று சொன்னது. நேற்று தூறலுக்குத் துண்டைத் தலையில் போட்டு ஓடையோரம் நின்றவனும் நான்தான். யாரோ திரும்பி ஓடுவதைக் கேட்டுச் சிரித்தேன்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "முனிக்குப் படையல் போடோணுங்க. நீங்களும் வரோணும்," என்றான்.

ஒத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி, ஓடைக்கரையில். சேவல் அவனுடையது, கறுப்புக் கிடா என்னுடையது.