அம்மாவின் வாசலிலிருந்து தெரிந்த வயல்

என் முகம் பார்க்காமலே போய்விட்ட அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போன மகள் எழுதுகிறேன். என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். போலீஸ் ஆபீஸில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் நகை பறித்தார்கள், எந்த முக்கில் வண்டி திருடு போனது, எங்கே கொலை நடந்தது என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் புள்ளி வைக்கிறேன். புள்ளி கூடுகிற இடத்துக்கு ரோந்து போகும். உங்கள் கேஸைக் கோட்டைவிட்ட அதே இலாகாதான். கோபமா அப்பா?

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்போது மேடைக்கு மேடை நில உச்சவரம்பு பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்களாம். குடவாசல் பக்கத்து நம் ஊரிலோ, தை அறுவடைக்குக் கூலி கூட்டிக் கேட்டதற்கே பண்ணையார் வெளியாட்களை இறக்கினார். மறிக்கப் போன உங்களை வயலிலேயே வெட்டினார்கள். நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று அம்மா பார்த்தாள்.

நம் ஆட்களுக்கு மனசு கேட்கவில்லை. உங்களைச் சேற்றில் விட்டுவைக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய், பெரிய மதகின் சிமெண்டுத் திண்டில் கிடத்தித் துண்டைப் போர்த்தினார்கள். சாயந்திரம் வந்த போலீஸ், உடல் கிடந்த இடத்தையே கொலை நடந்த இடமென்று வரைந்துகொண்டது. அம்மாவின் வாசலுக்கும் அந்த மதகுக்கும் நடுவே மூங்கில் கொல்லை. "அங்கேருந்து இது எப்படிம்மா தெரியும்?" என்று கோர்ட்டில் வக்கீல் கேட்டாராம். தூக்கிப் போனதைச் சொன்ன நம் ஆட்களை யாரும் நம்பவில்லை. அம்மாவின் சாட்சி பொய் என்றாகி, எல்லோரும் விடுதலை.

"பாத்தேன்டி" என்று வருஷக்கணக்கில் சொன்னாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் கஞ்சி குடித்துக்கொண்டே, "நெசமாவே பாத்தேனா, இல்ல மத்தவங்க சொன்னதக் கேட்டு பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டேனா?" என்றாள். உங்களைக் கொன்றதோடு விட்டார்களா? அவள் கண்ணையும் அல்லவா பிடுங்கிக்கொண்டார்கள்!

பழைய சர்வே படத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஓரிடத்தில் நின்றால் எது தெரியும், எது மறையும் என்று காட்டுகிற வழி எங்களிடம் உண்டு. கேமரா வைக்க இடம் தேடும்போது அதைத்தான் பார்ப்போம். அம்மாவை வாசலில் நிறுத்தினேன். கோர்ட்டில் காட்டிய மூங்கில் கொல்லையையும் அதன் இடத்தில் வைத்தேன். பெரிய மதகு மறைந்துபோனது. வக்கீல் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் விழுந்த வயல் வரப்போடு முழுசாகத் தெரிந்தது.

அம்மாவுக்குத் திரையைக் காட்டி, "நீ பாத்தது நெசந்தாம்மா" என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வாசலிலிருந்து வயல் வரை விரலால் தடவினாள். பிறகு வயலிலிருந்து வாசலுக்கு விரலைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அப்ப, அங்கேருந்து பாத்தா நானும் தெரிஞ்சிருப்பேன்ல? கடைசியா உங்கப்பா இந்தப் பக்கம் தலையத் திருப்புனாரு. என்னப் பாத்துட்டுத்தான் போனாரா, பாக்காமலே போய்ட்டாரான்னுதான்டி இத்தன நாளும்..."

"தெரிஞ்சிருப்பம்மா" என்றேன். அப்போதுதான் அழுதாள்.

தெரிந்தாளா அப்பா? அந்த வயிறும் தெரிந்ததா?

கேஸ் இனித் திரும்பாது. வெட்டியவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் உயிர் போனது அங்கேதானா, எங்கிருந்தாவது கொண்டுவந்து கிடத்தினார்களா என்று கேட்காமல் இனி ஒரு புள்ளியும் வைக்க மாட்டேன். அம்மா பார்த்தாள் என்பதையும், கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அன்று உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த
உங்கள் மகள்,
தமிழரசி