மன அழுத்தத்துக்கு ஒரு தேத்தண்ணி

ராத்தா,

இன்றைக்கு நம் தையல் தொழிற்சாலையில் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் அம்மையார் வந்து, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று பேசினார். ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டுமாம். முடிவில் எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி தந்தார்கள். அந்த மணம் வந்ததும் நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேற்பார்வையாளர் நான் தைத்ததை எல்லோர் முன்னாலும் பிரித்து எறிந்தார். கழிப்பறையில் நின்று அழுதுகொண்டிருந்த என்னை ஓர் அக்கா போலத் தேடி வந்தது நீங்கள்தான். காத்தான்குடி வீட்டிலிருந்து கொண்டுவரும் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, இஞ்சித் தேத்தண்ணியை மூடியில் ஊற்றித் தந்தீர்கள். "குடிகா புள்ள. அவன் கத்துறது கத்தட்டும். நீ கொஞ்சம் மூச்சு விடு."

பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் வாவிப் பக்கத்து மதிலோரம் இருந்து குடித்தோம். கட்டாரிலிருந்து போன் எடுக்க மறந்துபோன உங்களைக் கட்டிய மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வீர்கள். அம்மாவின் வருத்தத்தையும் மருந்துச் செலவையும் பற்றி நான் சொல்வேன். ஒன்றும் தீரவில்லை. மணியடித்ததும் எழுந்து போக மட்டும் முடிந்தது.

அந்தக் கடைசி நாளன்று உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு நோகுது, இடது கை கடுக்குது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டபோது மேற்பார்வையாளர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஓர்டர் இன்டைக்குப் போகணும். எல்லாம் டென்ஷன்தான். ஒரு தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்து தையுங்க."

நான் வாய் திறந்தேன். "சண்ட புடிக்காதகா, வேல போயிரும்" என்று என் கையைப் பிடித்தீர்கள். குடித்தீர்கள். மெஷினுக்குத் திரும்பினீர்கள். ஒரு கொலர் தைத்து முடியுமுன் அதன் மேலேயே சாய்ந்துவிட்டீர்கள். "முந்தியே கொண்டுவந்திருக்கலாமே" என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர், உங்கள் முகத்தை மூடிவிட்டு.

இன்றைக்கு அந்த அம்மையார், கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டார். நான் எழும்பினேன்.

"மெடம், நெஞ்சு நோவுக்கும் இதுதானா? இங்க ஒராளுக்கு இதத்தான் மருந்தாச் சொன்னவங்க."

முன்வரிசையில் மேற்பார்வையாளர் கோப்பையோடு இருந்தார். அம்மையார் அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு யாரோ நன்றியுரை சொல்லி முடித்துவிட்டார்கள். நாளைக்கு என்னை ஒபிசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் வெல்லாவெளியிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளை ஒருத்தி மூச்சு முட்டுது என்றாள். நான் யாரிடமும் கேட்கவில்லை. அவளுடைய மெஷினை நிறுத்தி, ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் கேட் வரைக்கும் கத்திக்கொண்டு வந்தார். அவள் பிழைத்துவிட்டாள், ராத்தா. நீங்கள் சொன்ன எத்தனையோ சொல்லை இன்னும் கேட்டு நடக்கிறேன். பொறுத்துப் போகச் சொன்னதை மட்டும் இனிக் கேட்க மாட்டேன்.