குடையும் நான்கு விரல்களும்

நண்பரே, என் பிறந்தநாளுக்கு மகள் பாத்திரம் துடைக்கும் துவாய் ஒன்று வாங்கிவந்தாள். நகரத்து ஓவியக் கூடத்தின் கடையில் விற்பது. விரித்துப் பார்த்தேன். நீங்கள் ஏழு வருடம் பக்கத்தில் காவல் நின்ற அதே பழைய பிரித்தானியச் சித்திரம், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. பட்டாளத்துக் கேணல் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். காலடியில் நாய். தலைக்கு மேலே பெரிய குடை. குடையைப் பிடித்திருந்த மனிதரை மட்டும் காணவில்லை. துவாயின் அகலத்துக்குள் அவர் அடங்கவில்லை போலும், வெட்டிவிட்டார்கள். ஓரத்தில், குடைக்காம்பைச் சுற்றி நான்கு விரல்கள் மிஞ்சியிருக்கின்றன.

என் முகத்தைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ டீ டவல்."

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பென்டில் ஹில் ஸ்டேசனில் ஒரே ரயில் ஏறுகிறவர்களாகத்தான் நாம் பழகினோம். தஞ்சம் கேட்டுப் படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்த உங்களை, செக்கியூரிட்டிக் கம்பனி ஒன்று கறுப்புக் கோட்டு மாட்டி அந்தக் கூடத்தில் நிறுத்தியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேலையைப் பார்க்க வந்தேன். கையைப் பிடித்து நேரே அந்தப் படத்துக்கு இழுத்துப்போனீர்கள்.

"அண்ணை, இந்த மனுசன்ர மணிக்கட்டைப் பாருங்கோ. இப்பிடிப் பிடிச்சால் கால் மணித்தியாலத்தில கை விறைச்சுப்போம். கீறினவன் நோவைக் கண்டிருக்கிறான். பேரை மட்டும் கேக்கேல்ல."

உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஊரிலும் சரி, இங்கே மேய்ஸ் ஹில் கோயிலிலும் சரி, திருவிழாவில் சுவாமிக்குக் குடை பிடித்தவர் நீங்கள்தான்.

படத்துக்குக் கீழிருந்த விவரப் பலகையை வாசித்தேன். கேணலின் முழுப்பெயர், பட்டங்கள், வென்ற சண்டைகள். வரைந்தவர் பெயர், செதுக்கியவர் பெயர், அன்பளிப்புச் செய்தவர் பெயர். நாயின் பெயர் ஜூனோ. கடைசியில், 'மற்றும் பணியாள்'.

"நாய்க்குப் பேர் இருக்கு. இவருக்குப் பேர் தெரியாதெண்டாவது ஒரு வரி எழுதலாம்தானே? எழுதினால் ஆள் ஒண்டு நிண்டது எண்டாவது சனத்துக்கு விளங்கும்."

அந்த ஒரு வரிக்காக நீங்கள் சொல்லச்சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதியது நான். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகப் பணிவான கடிதம் அது. மூன்று மாதத்தில் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கருத்து பரிசீலனையில் உள்ளது. காவலர்கள் படங்களைவிடப் பார்வையாளர்களைக் கவனிப்பது விரும்பத்தக்கது. அடுத்த வாரம் உங்களை வாசல் மேசைக்கு மாற்றினார்கள். வருகிறவர்களின் கோட்டையும் குடையையும் வாங்கி வைக்கிற மேசை. குடையில் உங்களுக்கு இருந்த ஈடுபாட்டை நிர்வாகம் கவனித்திருக்கிறது என்று நான் பகிடி விட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நான்தான் அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் துண்டோடு ஐயர் முன்னால் போய் நின்றீர்கள்.

"பேர், நட்சத்திரம்?"

"பேர் தெரியாது ஐயா. குடை பிடிச்சவர்."

"எங்க இருக்கிறார்?"

"செத்து இருநூறு வரியம் இருக்கும்."

ஐயர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். "மோட்ச அர்ச்சனைக்கும் பேர் வேணும், தம்பி. பேரில்லாமல் நான் ஆரைச் சொல்லிக் கூப்பிடுறது?"

"அப்ப சுவாமின்ர பேரிலயே செய்யுங்கோ. அவருக்குத் தெரியும்தானே."

பின்னால் வரிசையில் நின்ற அன்ரி ஒருவர், "கெதியாப் பாருங்கோ, கார் பிழையான இடத்தில நிக்குது," என்று முணுமுணுத்தார்.

இரண்டு வருடம் கழித்து, வேலைக்குப் புறப்படும்போது உங்கள் இதயம் நின்றது. உங்கள் விசா விண்ணப்பம் நிற்கவில்லை. நீங்கள் போய் இரண்டு மாதமான பிறகு, மேலதிக ஆவணங்கள் கேட்டு உங்கள் அறைக்குக் கடிதம் வந்தது. அதுவும் பரிசீலனையில்தான் இருந்ததாம். ஒரு நாடு இவ்வளவு ஆறுதலாக யோசிப்பது பெரிய விஷயம். மனிதர்கள்தான் அவசரப்பட்டுச் செத்துப்போகிறார்கள்.

உங்களைப் பற்றி நம் பத்திரிகையில் எழுத விரும்பினேன். முழுப்பெயரோடு, பெரிய எழுத்தில். ஊரிலிருக்கும் உங்கள் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணை, எழுதுங்கோ. பேரை மட்டும் போடாதையுங்கோ. இஞ்ச சீஐடி வீட்டுக்கு வந்து விசாரிப்பினம்."

ஆகவே பத்திரிகைக்குப் போகும் இந்த மடலிலும் உங்கள் பெயர் இல்லை. பலகை எழுதியவர்களைத் திட்டிக்கொண்டே, அவர்கள் செய்ததையே நானும் செய்கிறேன். அவர்களுக்குப் பெயர் தெரியாது, கேட்கவும் இல்லை. எனக்குத் தெரியும், எழுத முடியாது. இதில் எது கேவலம் என்று யோசித்துப் பார்க்கிறேன், முடிவு வரவில்லை. வேண்டுமானால் என்னையும் பரிசீலனையில் போடுங்கள்.

துவாய் வந்த மறுநாள் கூடத்துக்குப் போனேன். பலகையைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பார்வையாளர் கருத்துகளை மதித்து விவரம் கூட்டியிருக்கிறார்களாம். ஜூனோ ஸ்பானியல் இனம், தண்ணீரில் இறங்கத் தயங்காதது, எசமானுக்கு மிகவும் பிடித்தமானது. பணியாள் பணியாளாகவே இருக்கிறார். உங்கள் பழைய இடத்தில் நின்ற காவலர் என்னிடம் வந்து, படத்துக்கு இவ்வளவு கிட்ட நிற்கக்கூடாது என்று மரியாதையாகச் சொன்னார். அவருடைய பெயரைக் கேட்டேன். திகைத்துப்போய்ச் சொன்னார். அங்கே இனி யாரைக் கண்டாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

துவாயால் எங்கள் வீட்டில் எவரும் கோப்பை துடைப்பதில்லை. குசினிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.

பிறகு உங்கள் மனைவியிடம் இன்னொன்று கேட்டேன். கோயிலில் சொல்லலாமா?

"ஓம் அண்ணை. அங்க சொல்லுங்கோ."

போன வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில்லுக்குப் போனேன். அதே ஐயர். மோட்ச அர்ச்சனை என்றேன். பெயர் கேட்டார். உங்கள் தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும் சொன்னேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. நட்சத்திரம் கேட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அதை நான் கேட்டதேயில்லை. தெரியாது என்றேன்.

"பேர் போதும்," என்றார்.

மணியடித்து, மந்திரத்தோடு மூன்று முறை உங்கள் பெயரை உரத்துச் சொன்னார். எவரும் அதைப் பரிசீலனைக்கு அனுப்பவில்லை.